சுவர் இல்லாத உடம்பு

முதுகின் நடுவில், கை எட்டாத இடத்தில் அரித்தது. காப்சூல் நிரப்பும் இயந்திரத்தின் முன்னால் பெரியவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். உடம்பு முழுக்க வெள்ளை அங்கி, அதற்குள் இன்னொரு அங்கி, கையுறைக்கு மேல் கையுறை, மூக்கையும் வாயையும் இறுக்கிப் பிடித்த மாஸ்க். இத்தனையையும் தாண்டித் தூள் உள்ளே வந்துவிடுகிறது. பையைச் சாய்த்து இயந்திரத்தின் வாயில் கொட்டும்போதெல்லாம் ஒரு சிறு புகைமண்டலம் எழுந்து, விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் தொங்கி, மெல்ல அவள் மேல் இறங்கும்.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு எஃகுத் தூண் இருந்தது. மேலே கேமரா. குனிந்து கீழ்த்தட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, முதுகைத் தூணின் விளிம்பில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். உயிர் வந்தது. வந்த வேகத்தில் அரிப்பு அங்கிருந்து கிளம்பிக் கழுத்துக்குப் போயிற்று.

எதிர்ப்பக்கம் பிசகிய காப்சூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்க் போட்டாலும் அவள் வாய் அடைபடாது.

"என்னக்கா, ஆட்டமா?"

"நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போச்சு."

"இடுப்பு வலிக்கு முதுகத் தேய்க்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

பெரியவள் அவள் கையைப் பார்த்தாள். வாயாடியின் இடது கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை தோல் தெரிந்தது. அது சிவந்திருந்தது. வாயாடி கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

முன்பு அந்த அறையில் பாட்டுக்காரி என்று ஒருத்தி இருந்தாள். மாஸ்க்குக்குள்ளேயே பாடிக்கொண்டு வேலை பார்ப்பாள். ஒருநாள் கழுத்தில் தடிப்பு வந்தது. வெள்ளந்தியாகப் போய் சூப்பர்வைசரிடம் காட்டினாள். கம்பெனி டாக்டர் பார்த்தார், ஓய்வெடுக்கச் சொன்னார். அவள் செருப்பு வைக்கும் இடத்தில் அடுத்த வாரமே வேறு ஒருத்தியின் செருப்பு இருந்தது. அதற்குப் பிறகு முதல் பிளாக்கில் யாருக்கும் எதுவும் வந்ததில்லை. தலைவலி வரும், கால் வலி வரும். அவ்வளவுதான்.

அந்த மதிற்சுவருக்குள் நான்கு பிளாக்குகள் இருந்தன. மற்ற மூன்றுக்கும் ஒரே வாசல், ஒரே கேன்டீன். முதல் பிளாக்குக்கு மட்டும் எல்லாமே தனி. தனி வாசல், தனித் தண்ணீர்த் தொட்டி, தனி பஸ். பெரியவளின் ஓரகத்தி, அவள் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்ட சின்னவள், இரண்டாவது பிளாக்கில் மாத்திரை அடிக்கும் பிரிவில் இருந்தாள். இருவரும் ஒரே அடுப்படியில் மாற்றி மாற்றிச் சமைத்து, ஒரே வாசல்படியில் செருப்பு மாட்டி, தெருமுனையில் இரண்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போவார்கள். உள்ளே போன பிறகு ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இயந்திரங்களை நிறுத்தினார்கள். கை கால் கழுவிக்கொண்டு எல்லோரும் கூடத்துக்கு வரவேண்டும் என்றார்கள். கூடத்தில் வெள்ளைப் பலகையின் முன்னால் ட்ரெய்னிங் மேடம் நின்றிருந்தாள். சின்ன வயசு. மருந்துப் படிப்புப் படித்தவள். யாரையும் அதட்டமாட்டாள். ஆனால் அன்று அவள் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"ரெண்டாவது பிளாக் மாத்திரையில நம்ம பிளாக் மருந்து கலந்திருக்கு" என்றாள். "ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா டெஸ்ட்ல கண்டுபிடிச்சிட்டாங்க. மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாப் போச்சு."

"ரெண்டுமே மருந்துதானே மேடம்? கலந்தா கூடுதல் பலம்தானே?" என்றாள் வாயாடி. சிரிப்பு எழுந்தது.

மேடம் சிரிக்கவில்லை. பலகையில் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தைச் சுற்றித் தடிமனாக இன்னொரு கோடு.

"இது கிருமி. வெளியில இருக்கிறது சுவர். கிருமி வளரும்போது சுவரையும் கூடவே கட்டிக்கிட்டே போகணும். நம்ம பிளாக் மருந்து அந்தக் கட்டுமான வேலையக் கெடுக்கும். செங்கல்லுக்கு நடுவுல பூச்சு பிடிக்காது. உள்ளயிருந்து அழுத்தம் தாங்காம சுவர் விட்டு, கிருமி வெடிச்சிடும்."

வட்டத்தின் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தாள்.

"இதெல்லாம் பட்டறை. கிருமிக்கு வேணுங்கிற சாமானெல்லாம் இங்கதான் செய்யுது. ரெண்டாவது பிளாக் மருந்து இந்தப் பட்டறைக்குள்ள போய் உக்காந்துக்கும். வேலை நடக்காது. பெரும்பாலும் கிருமி உடனே சாகாது. வளர முடியாம திணறி நிக்கும். அப்ப நம்ம உடம்புல இருக்கிற காவல்காரங்க வந்து முடிச்சிடுவாங்க."

"நாங்க இடிக்கிறவங்க, அவங்க பூட்டுறவங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அப்படியே வச்சுக்கோங்க. மூணாவது பிளாக் மருந்து இந்த நூல்கண்டுல கை வைக்கும்." மேடம் வட்டத்துக்குள் ஒரு சிக்கலான கோட்டை இழுத்தாள். "கிருமி ரெண்டாப் பெருகணும்னா இந்த நூலப் பிரிச்சு நகல் எடுக்கணும். பிரிக்கிற கையப் பிடிச்சுக்கிட்டா நூல் அறுந்துபோகும். நாலாவது பிளாக் மருந்து வேஷம் போடும். கிருமி தனக்கு வேண்டிய சத்தைத் தானே தயாரிச்சுக்கும். அதுக்கு வேணுங்கிற சரக்கு மாதிரியே இந்த மருந்து இருக்கும். மாவுன்னு நினைச்சுச் சுண்ணாம்ப அள்ளிப் பிசைஞ்ச கதைதான்."

பெரியவளுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. தினம் கொட்டுகிற தூள் எங்கே போய் என்ன செய்கிறது என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொடையின் கீழே, முழங்காலுக்குப் பின்னால், காதுக்குள்ளே. நாற்காலியின் நுனிக்கும் சாய்வுக்கும் நகர்ந்துகொண்டிருந்தாள்.

"மனுஷ உடம்புல இந்தச் சுவரே கிடையாது" என்றாள் மேடம். "அதனாலதான் நம்ம மருந்து கிருமிய மட்டும் கொல்லும், நம்மள ஒண்ணும் செய்யாது."

"அப்ப எதுக்கு மேடம் அரிக்குது?"

வாயாடிதான். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லாக் கைகளும் மடியில் அசையாமல் கிடந்தன.

மேடம் பேனாவை மூடினாள். "அது மருந்தோட வேலை இல்ல. நம்ம உடம்போட வேலை. சில பேர் உடம்பு இந்தத் தூள எதிரின்னு நினைச்சுக்கும். நினைச்சிடுச்சுன்னா அப்புறம் துளி பட்டாக்கூட ஊரையே கூட்டும். தடிப்பு, மூச்சுத்திணறல், சில சமயம் உயிருக்கே ஆபத்து. இதுக்குப் பங்காளி மருந்துங்க சிலது இருக்கு. அதுங்களையும் சேத்துப் பகைச்சுக்கலாம். அப்படிப்பட்ட ஒருத்தர் ரெண்டாவது பிளாக் மாத்திரைய நம்பி முழுங்குவாரு. அதுல நம்ம தூள் இருந்தா என்ன ஆகும்? அதனாலதான் தனி வாசல், தனி பஸ்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "யாருக்காவது இருந்தா மறைக்காதீங்க. சொல்லுங்க."

"சொன்னா?" என்றாள் வாயாடி.

"டாக்டர் பாப்பாரு."

"பாத்தா?"

மேடம் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் வந்த சூப்பர்வைசர்தான் விஷயத்தைச் சொன்னார். தூள் பறந்து போகவில்லை, மனிதர்களோடுதான் போயிருக்கிறது. தலைமுடியில், துப்பட்டாவில், ஒரே வீட்டில் ஒரே கொடியில் காய்கிற துணியில். இனி ஒரு வீட்டிலிருந்து முதல் பிளாக்கிலும் மற்ற பிளாக்கிலும் ஆள் இருக்கக்கூடாது. யாராவது ஒருவர் நின்றுகொள்ள வேண்டும். யார் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் பெரியவள் வீட்டுக்கு வந்தபோது சின்னவள் முன்பே வந்து அடுப்படியில் பாத்திரங்களை இறைத்துப்போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். சத்தத்திலேயே அவளுக்கும் சேதி போய்விட்டது தெரிந்தது. இரண்டாவது பிளாக்கிலும் அன்று இதே பாடம் நடத்தியிருந்தார்கள்.

பெரியவளின் புருஷன் பெயிண்டர். கை இடுக்கில் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே தம்பியைப் பார்த்தார். தம்பி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாட்களில் தூங்குவான். அன்றைக்கு உட்கார்ந்திருந்தான்.

"முதல் பிளாக்குல படி சேர்த்துத் தராங்க" என்றார் பெயிண்டர், யாரையும் பார்க்காமல். "மழை ஆரம்பிச்சா எனக்கும் வேலை கிடையாது."

"அப்ப நான்தான் நிக்கணும். அதானே?" சின்னவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "அடுத்த மாசம் என்னை மெஷின்ல தனியா விடறேன்னு சொல்லியிருந்தாங்க. இவ்வளவு நாளா தட்டு தூக்கிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் மெஷின் கைக்கு வந்துச்சு."

"யாரு வேணும்னா செஞ்சாங்க?" என்றான் தம்பி.

"வேணும்னு செய்யல. அக்கா தலையில இருந்த தூளுக்கு என் வேலை போகுது. அவ்வளவுதான்."

பெரியவள் சுவரோரம் நின்றிருந்தாள். உட்காரவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எனக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது, நானே நின்றுகொள்கிறேன் என்று சொன்னால் போதும். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல ஒருமுறை அசைந்தாள். பிறகு, "அடுப்புல என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவள் அந்த வாரமே நின்றாள். தெருவில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் துணிகளை மடித்துப் பையில் போடும் வேலை கிடைத்தது. இருக்கும்போது கூப்பிடுவார்கள், இல்லாதபோது இல்லை. காலையில் பெரியவள் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் வேண்டுமென்றே பின்பக்கம் போய்த் துணி துவைத்தாள்.

பெரியவள் இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குள் போவாள். தண்ணீர் படும்போது கொஞ்சம் அடங்கும். நின்றதும் மறுபடி கிளம்பும். எண்ணெய் தடவிப் பார்த்தாள். கடையில் தானே கேட்டு வாங்கிய மஞ்சள் மாத்திரை அரிப்பைக் குறைத்தது. ஆனால் இயந்திரத்தின் முன்னால் தூக்கம் தள்ளியது. படுத்தால் மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. பெயிண்டர் திரும்பிப் படுத்து, "சளி பிடிச்சிருக்கு, வெந்நீர் குடி" என்பார்.

ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டை எடுக்க மறந்தது தெரிந்து குரல் கொடுத்தாள். சின்னவள்தான் வந்தாள். கதவு இடுக்கு வழியாகத் துண்டை நீட்டியவள் கையை எடுக்கவில்லை. கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

முதுகு முழுக்கத் தடித்துச் சிவந்து கிடந்தது. தோள்பட்டையில் நகம் பதிந்த கோடுகள். இடது முழங்காலுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து தோல் உரிந்து நீர் கசிந்தது.

"எத்தனை நாளா?"

பெரியவள் துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல. எத்தனை நாளா இருக்கு?"

"நீ நிக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

 சின்னவள் கத்துவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சோறு எடுத்து வைப்பாள், தண்ணீர் வைப்பாள். பேசமாட்டாள். வீட்டில் இரண்டு பெண்கள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

முழங்கால் புண் ஆறவில்லை. சுற்றிலும் சிவப்பு படர்ந்தது. தொட்டால் சுட்டது. பெரியவள் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு காலையில் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே கண் இருட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து நடைபாதையில் உட்கார வைத்தார்கள். யாரோ வீட்டுக்கு ஓடினார்கள். பெயிண்டர் வேலைக்குப் போயிருந்தார். சின்னவள் ஈரக்கையோடு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.

"கம்பெனி டாக்டர்கிட்ட வேண்டாம்" என்றாள் பெரியவள். பல் கிட்டியது.

"தெரியும். ஏறுங்க." அதுதான் அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைக் கடித்தார். சிவப்பு எல்லையைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டார். "இது மேல ஏறுதான்னு பாக்கணும். கிருமி தோலுக்கு அடியில பரவியிருக்கு. உள்ள சேரணும். ஊசி மருந்து போடறேன். எங்க வேலை பாக்குறீங்க?"

கம்பெனி பெயரைப் பெரியவள் சொன்னாள்.

"அப்ப சீட்டு அவங்களுக்கும் ஒண்ணு போகும், லீவுக்கு. ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

நர்ஸ் ஒரு சிறிய குப்பியை எடுத்து, அதற்குள் தண்ணீரை ஏற்றி, உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். குப்பிக்குள் இருந்த வெள்ளைத் தூள் கரைந்தது. பெரியவள் அதையே பார்த்தாள். அதன் மணம் அவளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். வேறொரு மருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. இருந்தும் புடவையை விலக்கிக் கையை நீட்டினாள்.

நர்ஸ் பஞ்சால் துடைத்தாள்.

"போடாதீங்க" என்றாள் சின்னவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இவங்க அந்தத் தூள்லதான் வேலை பாக்குறாங்க. முதல் பிளாக். முதுகப் பாருங்க. படுத்தா மூச்சு இழுக்குது. இவங்களுக்கு அது ஆகாது."

"இவளுக்கு என்ன தெரியும்" என்றாள் பெரியவள்.  "போடுங்கம்மா."

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் ரவிக்கையின் பின்பக்கத்தைச் சற்று விலக்கினார். பார்த்துவிட்டு நர்ஸிடம் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார். 

"இத மறைச்சா என்ன அர்த்தம்? இங்கயே, இந்தக் கட்டில்லயே போயிருப்பீங்க."

பெரியவள் கூரையைப் பார்த்தாள்.

"வழக்கமா இதுக்குச் சுவர உடைக்கிற மருந்துதான் முதல்ல போடுவோம்" என்றார் டாக்டரம்மா, கொஞ்சம் அடங்கி. "இனிமே அது உங்களுக்குக் கிடையாது. வேற வகை இருக்கு. அது வேற மாதிரி வேலை செய்யும். கிருமிக்குள்ள போய்..."

"பட்டறையப் பூட்டும்" என்றாள் சின்னவள். "கிருமி பெருகாம நிக்கும். மிச்சத்த உடம்பு பாத்துக்கணும்."

டாக்டரம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஆமா. இவங்க உடம்பு பாத்துக்கிற நிலையில இருக்கணும். இருக்கும்னு நம்புவோம்." சீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையால், அந்த மருந்து ஆகாது என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அடியில் இரண்டு முறை கோடு போட்டார். கம்பெனிக்குப் போகும் இரண்டாவது சீட்டிலும் அதையே எழுதினார்.

வார்டில் கட்டிலுக்கு ஒருவர் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலுமாகப் படுத்திருந்தார்கள். பெரியவளுக்குச் சன்னலோரம் தரையில் பாய் கிடைத்தது. கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. வேளைக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். அவள் கண்ணைத் திறந்தபோது சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உன் வேலை போனதுக்குப் பழி தீத்துக்கிட்ட" என்றாள் பெரியவள்.

"ஆமா. அப்படியே வச்சுக்கோங்க."

சின்னவள் எழுந்து, போர்வையை இழுத்து அவள் காலுக்குப் போர்த்தினாள். புண்ணில் படாமல் நுனியைத் தூக்கிப் பிடித்து மெதுவாக விட்டாள். பிறகு குடிக்கத் தண்ணீர் பிடித்து வரப் போனாள்.

காய்ச்சல் உடனே இறங்கவில்லை. டாக்டரம்மா வரும்போதெல்லாம் பேனாக் கோட்டைப் பார்ப்பார். சிவப்பு, கோட்டைத் தாண்டி ஒரு விரல் போயிருந்தது. சின்னவள் நிமிடத்துக்கு ஒருமுறை போர்வையை விலக்கிப் பார்த்தாள். அவள் தொட்டுத் தூக்கிய தட்டுகளிலிருந்து போன மாத்திரையோ, வேறெங்கோ செய்த மருந்தோ, ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து பட்டறையைப் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு காலையில் சிவப்பு, கோட்டுக்கு உள்ளே வந்திருந்தது.

"குறைஞ்சிருக்கு" என்றாள் சின்னவள்.  திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

வீட்டுக்கு வந்து நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்த பிறகு பெரியவள் பெயிண்டரோடு கம்பெனிக்குப் போனாள். மேனேஜர் உட்காரச் சொன்னார். மேசையின் மேல் சிவப்பு மைச் சீட்டு இருந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். இனிமே இந்த வளாகத்துக்குள்ள நீங்க வேலை பாக்கறது உங்க உயிருக்கே ஆபத்து."

"வேலையிலதான் சார் வந்துச்சு" என்றார் பெயிண்டர். "வீட்டுல இருந்து கொண்டு வரல."

"அது உடம்போட இயல்பு. அதே ரூம்ல இத்தனை பேர் இருக்காங்க. வேற யாருக்கும் வரலையே. கூப்பிட்டுக் கேட்டோம்." மேனேஜர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். அறையில் இருந்த அத்தனை பெண்களும் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாயாடியின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் மேலே, கோணல்மாணலாக இருந்தது.

பெரியவள் அதைப் பார்த்தாள். தானாக இருந்தாலும் போட்டிருப்பாள். எழுந்தாள்.

இனி வீட்டில் முதல் பிளாக்கில் யாரும் இல்லை. அந்த நினைப்பில் சின்னவள் அடுத்த வாரம் தன் பழைய சூப்பர்வைசரைப் பார்க்கப் போனாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து செருப்பு வாரை நோண்டினாள்.

"கிடைச்சுதா?" என்றாள் பெரியவள்.

"கிடைச்சிருக்கு."

"மெஷின்லயா?"

"அங்க ஆள் போட்டாச்சாம். முதல் பிளாக்குலதான் இடம் இருக்காம். காப்சூல் ரூம்ல ஒரு ஆள் குறையுதாம்."

குறைகிற அந்த ஆள் தான்தான் என்று பெரியவளுக்குப் புரிந்தது.

"வேண்டாம்."

"மழை வந்தாச்சுக்கா. மாமா ஒரு வாரமா வீட்டுலதான் இருக்காரு. இவரு லாரி ஓனர் பாதி நாள் வண்டிய எடுக்க விடறதில்ல. துணிக்கடைக்காரர் கூப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"எனக்கு ஆன மாதிரி உனக்கும் ஆச்சுன்னா?"

"எல்லாருக்கும் ஆகாதாம். எங்க பிளாக் மேடமும் சொல்லுச்சு." சின்னவள் எழுந்து உள்ளே போனாள். போகிற போக்கில் சொன்னாள்: "ஆனா உடனே சொல்லிடுவேன். உங்கள மாதிரி வச்சுக்கிட்டு இருக்கமாட்டேன்."

அதை இருவருமே நம்பவில்லை.

அவள் வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் சாயங்காலம் பெரியவள் அடுப்படியில் இருந்தாள். சின்னவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, "பசிக்குதுக்கா" என்றபடி பக்கத்தில் நின்று மூடியைத் திறந்து பார்த்தாள். அவள் கம்பெனியிலேயே கை கால் கழுவி உடை மாற்றித்தான் வந்திருந்தாள். பெரியவளுக்கு முதலில் கண் எரிந்தது. புகை என்று நினைத்தாள். பிறகு தொண்டைக்குள் யாரோ கயிற்றை இறுக்குவதுபோல் ஆயிற்று. இமைகள் வீங்கின. கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். பெயிண்டர் தண்ணீரோடு பின்னால் ஓடினார். எதிரே சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் பலகையில் உட்கார்ந்து அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். சின்னவள் வாசற்படியில், பக்கத்தில் வரவும் பயந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அதிலிருந்து ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல. முதல் பிளாக் பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் பெரியவள் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாக வெளியே வருவாள். சின்னவள் முன்வாசல் வழியாக உள்ளே போவாள். குளித்து, தலைக்கு ஊற்றி, துணியைத் தனி வாளியில் ஊறப்போட்டு, நடந்த இடமெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கூப்பிடுவாள். அதுவரை பெரியவள் தெருவில் நிற்பாள்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு நாள். சைக்கிள் கடையின் தகரக் கொட்டகைக்குக் கீழே பெரியவள் முக்காடு போட்டு நின்றிருந்தாள். காற்று சாரலை உள்ளே அடித்தது. இடது கால் மரத்துப்போயிருந்தது. அந்தக் காலை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"தினமும் இங்க வந்து நிக்கிறீங்களே" என்றார் கடைக்காரர், ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு. "வீட்டுல ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. குளிக்கிறா."

அவர் புரியாமல் தலையாட்டினார்.

வீட்டில் விளக்கு எரிந்தது. பெயிண்டர் கூடத்தில் உட்கார்ந்திருப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் சின்னவள் வாசலுக்கு வந்தாள். தலையில் துண்டு, முகமெல்லாம் ஈரம்.

"வாங்கக்கா" என்று கூப்பிட்டாள்.

பெரியவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள். தெருவின் பாதிவரை வந்துவிட்டாள். சின்னவள் துண்டை அவிழ்த்து, கூந்தலின் நுனியைக் கையில் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"இருங்க, இருங்க" என்று கையைக் காட்டினாள். "இன்னொரு தடவ ஊத்திக்கிட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. பெரியவள் திரும்பித் தகரக் கொட்டகையின் கீழே போய் நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.